துப்பாக்கிக் கட்டையில் செக்கரிங் வெட்ட, வீட்டிலேயே செய்யும் தொட்டில்

துப்பாக்கிக் கட்டையில் பிடிமானத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டி வைரவடிவக் கட்டங்கள் ஆக்குவதுதான் செக்கரிங். இந்த வேலையில் கருவி நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மரம்தான் திரும்ப வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் கழுத்தும் (டிரிகருக்குப் பின்னால் கை பிடிக்கும் இடம்) உருண்டை, முன்கட்டையும் (குழலுக்கு அடியில் வரும் முன்பகுதி) உருண்டை. வெட்டும் பல் எந்த இடத்திலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். கட்டையை வைஸில் அசையாமல் இறுக்கிவிட்டு வெட்டினால், வளைவின் உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்கும்போது மணிக்கட்டு சாயும், கருவியும் கூடவே சாயும். அப்படி வெட்டிய கோட்டில் ஒரு சுவர் நிமிர்ந்தும் மறு சுவர் படுத்தும் இருக்கும். வைரக்கட்டங்களின் முனை ஒரு பக்கமாகத் தலைசாய்ந்து நிற்கும். பிறகு எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது நிமிராது.

தொட்டில் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே கட்டையைப் பிடித்து, அதன் நீள அச்சில் சுழலவிடும் ஒரு தாங்கி. இதைச் செய்வதில் மரவேலை சொற்பம்தான். அச்சு எங்கே போகிறது, உராய்வு எங்கிருந்து வருகிறது என்ற இரண்டில்தான் தொட்டிலின் நல்லது கெட்டது அடங்கியிருக்கிறது. வீட்டில் செய்யப்படும் பல தொட்டில்கள் தேவைக்கு மேல் கனமாகவும் உறுதியாகவும் இருக்கும், ஆனால் இந்த இரண்டில் கோட்டை விட்டிருக்கும்.

தொடங்குமுன் ஒன்று: துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, குழலையும் சுடும் பொறியான ஆக்‌ஷனையும் டிரிகர் கார்டையும் முழுதாகக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். தொட்டிலில் ஏறுவது வெறும் மரம் மட்டுமே.

தேவையான பொருட்கள்

முறுக்கில்லாத, நன்றாகக் காய்ந்த கடினமரச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 30 மிமீ அகலம், 70 மிமீ உயரம், 120 செமீ நீளம். தூண்களுக்கும் தகடுகளுக்கும் 18 மிமீ ப்ளைவுட். முட்டுகளுக்கு 12 மிமீ ப்ளைவுட் துண்டுகள். பாதங்களுக்கு 30 மிமீ தடிமனுள்ள கடினமரம். 12 மிமீ போல்ட் மூன்று: ஒன்று 150 மிமீ நீளம், ஒன்று 120 மிமீ, அடியில் சுழல்வட்டுக்கு ஒன்று 80 மிமீ. 10 மிமீ கேரேஜ் போல்ட் இரண்டு, விங் நட்டோடு. 6 மிமீ போல்ட் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நட்டு. 13 மிமீ உள்விட்டமும் சுமார் 25 மிமீ நீளமும் உள்ள அழுத்த ஸ்பிரிங் ஒன்று. 3 அல்லது 4 மிமீ தடிமனுள்ள தோல், உள்ளங்கை அளவு. 3 மிமீ இரும்புத் தகட்டுத் துண்டு, எபாக்சி, மரப்பசை, ஸ்குரூ, மெழுகு. சட்டத்துக்கு மரத்தை விட்டு இரும்புச் சதுரக் குழாய் போட்டாலும் தவறில்லை. ஆனால் வெல்டிங் சூட்டில் குழாய் வளையும், வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு.

அடிச்சட்டம்

இரண்டு சட்டங்களையும் 25 மிமீ இடைவெளி விட்டு இணையாக வையுங்கள். இரு கோடிகளிலும் 25 மிமீ தடிமன், 40 மிமீ நீளம், 45 மிமீ உயரமுள்ள இடைக்கட்டைகளை அடிமட்டத்தோடு சமமாக ஒட்டி, பக்கத்திலிருந்து ஸ்குரூ போடுங்கள். மேலே 25 மிமீ பள்ளம் மிஞ்சும். தூணின் நாக்கு அதில் ஓடும். பசை காயுமுன் இரு கோடிகளிலும் ஒவ்வொரு நேர்க்கோலைக் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு கோல்களின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். இங்கே முறுக்கு இருந்தால் இரண்டு தூண்களும் எதிரெதிராகச் சாயும், அதை மேலே எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது.

சட்டத்தின் நட்டநடுவில், அடியில், 160 மிமீ விட்டமுள்ள ப்ளைவுட் வட்டு ஒன்றை ஸ்குரூவால் பொருத்துங்கள். அதே அளவில் இரண்டாவது வட்டு ஒன்றை 60 மிமீ சதுரமும் 120 மிமீ நீளமும் உள்ள கட்டையின் தலையில் பொருத்துங்கள். வைஸ் கவ்வப்போவது இந்தக் கட்டையைத்தான். இரண்டு வட்டுகளையும் 80 மிமீ போல்ட் ஒன்று நடுவில் சேர்த்துப் பிடிக்கும். போல்ட்டின் தலை மேல்வட்டில், சட்டங்களின் இடைவெளிக்குள் இருக்கட்டும். நட்டுக்கும் சாவிக்கும் இடம் கிடைக்க, கட்டையின் தலையில் ஒரு குடைவு விடுங்கள். வட்டுகளுக்கு இடையே மெழுகு தேய்த்து, நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டால், கையால் தள்ளினால் தொட்டில் முழுதும் திரும்பும், தானாகத் திரும்பாது. செக்கரிங் கோடுகள் இரண்டு திசையில் ஓடும். ஒரு திசையை முடித்துவிட்டு மறு திசைக்கு வரும்போது நீங்கள் மேசையைச் சுற்றி நடக்க வேண்டியதில்லை, தொட்டில் உங்கள் பக்கம் திரும்பிக்கொள்ளும். இந்தச் சுழல்வட்டைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வசதியில்லாத கோணத்தில் நின்று தள்ளும் கோடுகள்தான் பெரும்பாலும் கோணலாகப் போகும், ஆகவே இது அலங்காரம் அல்ல.

தூண்கள்

இரண்டு தூண்களும் நகரக்கூடியவையாக இருக்கட்டும். ஒன்றை நிலையாக ஒட்டிவிட்டால், இரட்டைக்குழல் துப்பாக்கியின் முன்கட்டை போன்ற சிறிய துண்டை வைக்கும்போது வேலை ஒரு கோடியில் போய் உட்காரும், தொட்டில் ஒரு பக்கமாகப் பாரமாகும்.

ஒவ்வொரு தூணும் 18 மிமீ ப்ளைவுட் இரண்டு அடுக்கு ஒட்டிய 36 மிமீ தடிமன். அடியில் 85 மிமீ அகலம், மேலே போகப் போகக் குறைந்து 50 மிமீ. தலை அகலமாக இருந்தால் முன்கட்டையின் நுனியருகே கருவி வைத்த கை தூணில் இடிக்கும். பாதம் 140 மிமீ நீளம், 85 மிமீ அகலம். தூண் பாதத்தின் உள்விளிம்பில் நிற்கும், பாதம் வெளிப்பக்கம் நீண்டிருக்கும். தூணுக்குப் பின்னால் இரு ஓரங்களிலும் 12 மிமீ ப்ளைவுட்டில் வெட்டிய முக்கோண முட்டு, 80 மிமீ உயரத்துக்கு. முட்டு இல்லாத தூண், வெட்டும்போது கருவியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் கோட்டில் சின்னச் சின்ன அலைகளாகப் பதியும்.

பாதத்தின் அடியில் 24.5 மிமீ அகலம், 20 மிமீ ஆழமுள்ள நாக்கை ஒட்டுங்கள். இரண்டு முட்டுகளுக்கும் நடுவே, பாதத்தையும் நாக்கையும் துளைத்து கேரேஜ் போல்ட் கீழே இறங்கும். சட்டங்களின் அடியில் 80 மிமீ நீளமுள்ள பட்டைத் தகடு, அதன் கீழ் விங் நட்டு. இறுக்கினால் தூண் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். இந்த அளவுகளில் தூண்களுக்கு இடையே அதிகபட்சம் 92 செமீ கிடைக்கும். இரு பக்கப் பொருத்திகளுக்கு 10 செமீ போக 82 செமீ நீளமுள்ள கட்டை வரை ஏறும். குழலின் நுனி வரை மரம் ஓடும் முழுநீளக் கட்டைக்குச் சட்டத்தை 150 செமீ ஆக்குங்கள்.

அடுத்து, அச்சுத் துளை. சட்டத்தின் மேல்மட்டத்திலிருந்து 150 மிமீ உயரம். பட்டின், அதாவது தோளில் பதியும் பின்முனையின், கீழ்முனை அச்சிலிருந்து 85 முதல் 100 மிமீ வரை விலகியிருக்கும், அது சுற்றி வரும்போது சட்டத்தில் இடிக்காமல், விரல் போகும் அளவு இடமும் மிஞ்ச வேண்டும். இரண்டு தூண்களையும் தனித்தனியாக அளந்து துளைக்காதீர்கள். பாதமும் நாக்கும் ஒட்டி முடித்தபின், இரண்டையும் சட்டத்தின் மேல் முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, கிளாம்ப் போட்டு, ஒரே துளையாக 12 மிமீ ட்ரில்லை இரண்டின் வழியாகவும் ஓட்டுங்கள். கையால் பிடிக்கும் ட்ரில் என்றால் முதலில் 4 மிமீ துளை போட்டு, மூலைமட்டத்தை இரு திசையிலும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே பெரிதாக்குங்கள். இப்படிச் செய்தால் துளை அரை மில்லிமீட்டர் தவறினாலும் இரண்டிலும் சேர்ந்தே தவறும், அச்சு ஒன்றாகவே இருக்கும்.

முன்தூண்: கூர்முனை

150 மிமீ போல்ட்டின் தலையில்லாத முனையை 60 பாகைக் கூம்பாகக் கூராக்க வேண்டும். கடைசல் எந்திரம் இல்லாவிட்டால் தலையை வெட்டிவிட்டு, போல்ட்டை ட்ரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தை 30 பாகை சாய்த்துப் பிடித்தால் போதும். கடைசியாக உப்புத்தாள் பிடித்து வழவழப்பாக்குங்கள். தூணின் இரு பக்கமும் நட்டு வடிவத்தில் பள்ளம் குடைந்து, ஒவ்வொரு நட்டை எபாக்சியில் பதியுங்கள். எபாக்சி காயும்வரை போல்ட்டை அதன் இடத்திலேயே மெழுகு தடவி விட்டுவைத்தால் இரண்டு நட்டும் ஒரே கோட்டில் நிற்கும். வெளிமுனையில் ஒரு கைப்பிடியும், ஒரு பூட்டு நட்டும் சேருங்கள்.

பின்தூண்: உராய்வு இங்கே

இரு பக்கமும் கூர்முனை வைத்து, நடுவில் கட்டையை நெருக்கிப் பிடிப்பதுதான் வழக்கமான எளிய வடிவம். அதில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. கட்டை தானாகத் திரும்பாமல் இருக்க வேண்டுமானால் கூர்முனைகளை இறுக்க வேண்டும், இறுக்கினால் மெலிந்த முன்கட்டை வில்லாக வளையும். வளைந்த நிலையில் நேராக வெட்டிய கோடு, கழற்றியதும் வளைந்து தெரியும். உராய்வையும் நெருக்கத்தையும் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முன்தூணின் கூர்முனை ஆட்டத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் தொட்டு நிற்கட்டும், பிடிமானம் முழுதும் பின்தூணிலிருந்து வரட்டும்.

அதற்கு 120 மிமீ விட்டமுள்ள ப்ளைவுட் வட்டில் நடுத்துளை போட்டு, 120 மிமீ போல்ட்டைத் தலை புதையும்படி செருகி, எபாக்சி போட்டு அசையாமல் பதியுங்கள். இதுதான் சுழல்தண்டு. வட்டுக்கும் தூணுக்கும் நடுவே 60 மிமீ விட்டமுள்ள தோல் வில்லை. தூணின் வெளிப்பக்கம் பெரிய வாஷர், பிறகு ஸ்பிரிங், இன்னொரு வாஷர், கடைசியில் நட்டு. நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் வட்டை இழுத்துத் தோலில் அழுத்தும், உராய்வு கூடும். இங்கே ஒற்றை நட்டு போதாது. தண்டு திரும்பும்போது நட்டும் கூடத் திரும்பி வாஷரில் உரசும், ஒரு திசையில் சுற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வரும். வேலை நடுவே கட்டை திடீரென்று தொளதொளவென்று ஆவதற்குக் காரணம் இதுதான். இரண்டு நட்டை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பூட்டுங்கள், அல்லது நைலான் வளையமுள்ள பூட்டு நட்டு போடுங்கள்.

தோலுக்கு எண்ணெய் காட்ட வேண்டாம். எண்ணெய் ஊறிய தோல் ஒரு நாள் வழுக்கும், மறுநாள் ஒட்டும். துளையின் உள்சுவருக்கு மட்டும் மெழுகு.

பட் தகடு

பட்டின் முகம் அச்சுக்குச் செங்குத்தாக இருப்பதே இல்லை. சில பாகையாவது சாய்ந்திருக்கும், பல கட்டைகளில் வளைந்தும் இருக்கும். சுழல்வட்டை நேராகப் பட்டில் ஸ்குரூ போட்டுப் பொருத்தினால், கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நீண்டிருக்கும். முன்முனையைக் கூர்முனைக்கு வலிந்து இழுத்து வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுகி மறு இடத்தில் தளரும்.

ஆகவே வட்டுக்கும் பட்டுக்கும் நடுவே இன்னொரு தகடு: 80 × 140 மிமீ ப்ளைவுட். பட்டின் முகத்தை மூடியிருக்கும் பட் பிளேட்டைக் கழற்றினால் தெரியும் ஸ்குரூத் துளைகளிலேயே இந்தத் தகட்டை மாட்டுங்கள். கட்டையில் புதிய துளை எதுவும் போடக் கூடாது. தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய தோல். தகட்டையும் சுழல்வட்டையும் மூன்று 6 மிமீ போல்ட்டுகள் இணைக்கும்: ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று, ஒன்றுக்கொன்று 50 மிமீ தள்ளி, ஸ்குரூத் துளைகள் வரும் நடுக்கோட்டை விட்டு விலகி. தகட்டில் இந்தப் போல்ட்டுகளுக்கு வட்டத் துளை போடாமல் மேலும் கீழுமாக 30 மிமீ நீள வெட்டுத் துளை போடுங்கள். கட்டையை 15 மிமீ மேலேயும் 15 மிமீ கீழேயும் நகர்த்த அது உதவும். போல்ட்டுத் தலைகள் பட்டில் முட்டாமல் தகட்டில் புதைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு நட்டு அதைத் தகட்டோடு இறுக்கும், மற்ற இரண்டு நட்டுகள் சுழல்வட்டை முன்னும் பின்னுமாகப் பிடிக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினால் வட்டின் சாய்வு மாறும்.

ரீகாயில் பேட் (பின்னுதைப்பைத் தாங்கும் ரப்பர் மெத்தை) ஒட்டியே இருந்து கழற்ற முடியாவிட்டால், தகட்டின் ஓரங்களில் 15 மிமீ உயர விளிம்பு வைத்து, பேட் அதற்குள் உட்காரும்படி செய்யலாம். அப்போது பிடிப்பு நெருக்கத்தையே நம்பியிருக்கும், மேலே சொன்ன வில் வளைவுக்கு இடம் கொடுத்ததாகும். முடிந்தவரை பேட்டைக் கழற்றுவதே நல்லது.

முன்முனைப் பொருத்திகள்

ஒற்றைத் துண்டுக் கட்டைக்கு, குழல் பள்ளத்தில் படுக்கும் கடினமரச் சட்டம் ஒன்று தேவை. ஆக்‌ஷனின் முன் ஸ்குரூ வரும் துளைக்குச் சற்றுப் பின்னாலிருந்து, முன்கட்டையின் நுனியைத் தாண்டி 15 மிமீ வரை அது நீளட்டும். அந்தத் துளை வழியாக 6 மிமீ போல்ட் போட்டு, மேலும் கீழும் அகலமான வாஷரும் தோலும் வைத்து இறுக்குங்கள். சட்டம் பள்ளத்தின் அடியில் மட்டும் உட்கார வேண்டும், பக்கச் சுவர்களை விட்டு இரு பக்கமும் 1 மிமீ விலகியிருக்க வேண்டும். இறுக்கமாகப் பொருந்தினால் நல்லது என்று நினைத்து சட்டத்தைப் பள்ளத்தில் ஆப்பு போல் அறைந்தால், மெலிந்த சுவர் ரேகையோடு பிளந்துவிடும். சட்டத்தின் முன்முகத்தில் 3 மிமீ இரும்புத் தகட்டுத் துண்டை எபாக்சியிலும் இரண்டு ஸ்குரூவிலும் பதித்து, அதில் 60 பாகை மையக்குழி போடுங்கள்.

தனி பட் கட்டைக்கு, அதாவது நீள போல்ட்டால் ஆக்‌ஷனோடு சேரும் ஷாட்கன் கட்டைக்கு, அதே நீளத் துளையைப் பயன்படுத்துங்கள். ஆக்‌ஷன் வந்து மரத்தில் தாங்கும் தட்டையான முகங்களில் மட்டும் படும்படி ஒரு கடினமரக் கட்டையைச் செதுக்கி, மரை வெட்டிய நீள ராடை உள்ளே விட்டு, பட்டின் பக்கமிருந்து நட்டும் வாஷரும் போட்டு இழுத்து இறுக்குங்கள். கூம்பு முனையை நேராக அந்தத் துளையின் வாயில் செருகி நெருக்குவது மிக ஆபத்து. கட்டையின் தலைப்பகுதிச் சுவர்கள் மெலிந்தவை, உள்ளிருந்து கூம்பு தள்ளினால் விரிசல் விடும்.

தனி முன்கட்டைக்கும் இதே நியாயம்தான். உள்ளிருக்கும் இரும்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உட்காரும் நீளக் கட்டை ஒன்றை, இரும்பின் ஸ்குரூத் துளைகள் வழியாகவே மாட்டுங்கள். கட்டையின் ஒரு முனையைச் சுழல்வட்டில் இணைத்து, மறு முனையில் மையக்குழி போடுங்கள். தூண்களின் நெருக்கம் முழுதும் இந்த உள்கட்டையில் இறங்க வேண்டும். செக்கரிங் ஏறும் மரம் அதன்மேல் தொங்கிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

அச்சை நிறுத்துவது

மையக்குழியை எங்கே போடுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். கட்டையின் பக்கவாட்டில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள்: முன்னே முன்கட்டையின் நுனி, நடுவே கழுத்தின் மையம், பின்னே பட். கழுத்தின் நடுவை நூல் சரியாகக் கடந்தால், அது பட்டைத் தொடும் இடம் சுழல்தண்டின் இடம், முன்னே தொடும் இடம் மையக்குழியின் உயரம். பல கட்டைகளில் பட்டின் மேல்முனையிலிருந்து 4 முதல் 5 செமீ கீழே இது வரும். வளைவு மிகுந்த பழைய கட்டைகளில் இன்னும் மேலே போகும். அச்சு கழுத்தின் நடுவே போனால்தான், கட்டையைத் திருப்பும்போது கழுத்து அதே உயரத்தில் நின்று உருளும். விலகிப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மரம் ஏறி இறங்கும், கையும் அதைத் துரத்த வேண்டியிருக்கும்.

இப்போது கட்டையைச் சுழல்வட்டில் மாட்டி, ஸ்பிரிங் நட்டைச் சற்று அதிகமாகவே இறுக்கி, முன்தூணின் கூர்முனையை மையக்குழிக்கு 5 மிமீ முன்னால் நிறுத்துங்கள். தொட வேண்டாம். கீழே ஒரு மெத்தை வைத்த கட்டையைப் பாதுகாப்புக்கு வையுங்கள். கட்டையை மெல்ல ஒரு முழுச் சுற்று திருப்பி, மையக்குழி எங்கே போகிறது என்று பாருங்கள். அது ஒரு வட்டம் போடும். கட்டையின் பாரத்தால் வட்டம் முழுதும் கொஞ்சம் கீழே தொங்கியிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வட்டத்தின் அளவு மட்டும்தான் கணக்கு. 6 மிமீ போல்ட்டின் ஒரு முழுத் திருப்பு 1 மிமீ. 50 மிமீ இடைவெளியில் 1 மிமீ சாய்த்தால், 80 செமீ தள்ளியிருக்கும் முன்முனை 16 மிமீ நகரும். கால் திருப்புக்கு 4 மிமீ. ஆகவே கால் கால் திருப்பாகப் போங்கள். மையக்குழி எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து இடைவெளியைக் குறைத்து, மறுபடி சுற்றிப் பாருங்கள். வட்டம் 2 மிமீக்குள் சுருங்கினால் நட்டுகளைப் பூட்டி, கூர்முனையை முன்னே கொண்டுவந்து குழியில் உட்கார வையுங்கள். முன்கட்டையை விரலால் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே கூர்முனையைத் திருப்புங்கள், ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திப் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

இனி சமநிலை. ஸ்பிரிங்கை முழுதாகத் தளர்த்திவிட்டால் கட்டையின் கனமான பக்கம், பெரும்பாலும் பட்டின் கீழ்முனை, கீழே வந்து நிற்கும். இதைச் சரிக்கட்ட அச்சை நகர்த்தலாமா என்று தோன்றும். நகர்த்தினால் கழுத்து ஏறி இறங்கத் தொடங்கும். அச்சை விட்டுக்கொடுக்காமல், பட் தகட்டின் எதிர்ப்பக்க விளிம்பில் நான்காவது 6 மிமீ போல்ட்டை மாட்டி, வாஷர்களைக் கோத்துக் கட்டை எந்த நிலையிலும் நிற்கும்வரை பாரம் ஏற்றுவதே சரி.

கடைசியில் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். இரண்டு விரலால் தள்ளினால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும், கருவியின் அழுத்தத்துக்குத் தானாக நழுவக் கூடாது. இறுக்கம் கூடினால் இடது கை சோர்ந்து, திருப்புவதற்குப் பதிலாகக் கருவியைச் சாய்க்கத் தொடங்கும்.

உயரமும் வெளிச்சமும்

நின்று வேலை செய்தால், மடக்கிய முன்கையின் மட்டத்துக்கு 5 முதல் 10 செமீ மேலே அச்சு இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் குனிந்து குனிந்து, நேர் மேலிருந்து பார்ப்பீர்கள், கோட்டின் ஆழம் தெரியாது. விளக்கு ஒன்றே ஒன்று போதும், ஆனால் அது கோடுகளுக்குக் குறுக்காக, தாழ்வாக, பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கோட்டின் ஒரு சுவரில் நிழல் விழ வேண்டும். மேலே எரியும் குழல்விளக்கு அந்த நிழலை அழித்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். 2 மடங்கு பெரிதாக்கும் தலைக்கண்ணாடி பெரிதும் உதவும்.

முதல் ஓட்டம்

நல்ல கட்டையை ஏற்றுமுன், 45 மிமீ விட்டமும் 40 செமீ நீளமும் உள்ள வால்நட் அல்லது அதுபோன்ற நெருக்கமான ரேகையுள்ள மரத்தில் உருளை ஒன்றைச் செய்து தொட்டிலில் மாட்டிப் பாருங்கள். ஒற்றைப் பல் கருவியால் நீளவாக்கில் ஒரு கோடு, பிறகு இடைவெளிக் கருவியின் ஒரு பல்வரிசையை அந்தக் கோட்டில் ஓடவிட்டு, மறு வரிசையால் அடுத்தது. இப்படியே சுற்றி வாருங்கள். அங்குலத்துக்கு 18 கோடு என்றால் இடைவெளி 1.41 மிமீ, 20 என்றால் 1.27, 24 என்றால் 1.06. தொடங்குபவருக்கு 18 அல்லது 20. அதைவிட நெருக்கமான கோட்டில் சிறு பிசகும் வைரக்கட்டத்தின் முனையை உடைத்துவிடும்.

பத்துப் பதினைந்து கோட்டுக்குப் பின் தொட்டில் தன் குணத்தைக் காட்டிவிடும். எல்லாக் கோடுகளிலும் ஒரே இடத்தில் அலை தெரிந்தால் ஏதோ ஒன்று அதிர்கிறது: முதலில் வைஸ், பிறகு சுழல்வட்டின் நடு போல்ட், பிறகு தூண் நட்டு என்ற வரிசையில் தொட்டுப் பாருங்கள். அலை கண்ட கண்ட இடத்தில் வந்தால் கருவியின் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது ரேகைக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். கோடுகளின் ஆழம் உருளையின் ஒரு பக்கத்தில் மட்டும் குறைந்தால் உருளையைத் திருப்பாமல் மணிக்கட்டைச் சாய்த்திருக்கிறீர்கள். உராய்வைத் தளர்த்திவிட்டு மறுபடி வெட்டுங்கள். கட்டை ஒரு இடத்தில் இறுகி மறு இடத்தில் தளர்ந்தால் மூன்று நட்டுகளில் ஒன்று நழுவியிருக்கிறது.

வெட்டும் முறை இதுதான்: வலது கை கருவியைச் சுமார் 2 முதல் 3 செமீ நீள வீச்சுகளில் தள்ளுகிறது, இடது கை கட்டையைத் திருப்புகிறது. கோடு உருண்டையைச் சுற்றிக் குறுக்காக ஏறும்போது, கருவி எப்போதும் உச்சியிலேயே நிற்கும்படி இடது கை மரத்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்துக்குப் பழகும்வரை உருளையிலேயே வெட்டுங்கள்.

குறுக்குக் கோடுகளுக்கு வைரக்கட்டத்தின் நீளம் அகலத்தைப் போல் 3 முதல் 3.5 மடங்கு இருக்கட்டும். இரு திசைக்கும் முதலில் போடும் இரண்டு முதன்மைக் கோடுகளுக்கு நடுவே கோணம் 3 மடங்குக்குச் சுமார் 37 பாகை, 3.5 மடங்குக்கு 32 பாகை. முதல் சுற்றிலேயே முழு ஆழம் போகாதீர்கள். எல்லாக் கோடுகளையும் பாதி ஆழத்தில் போட்டு முடித்து, பிறகு கூராக்குங்கள். 20 கோட்டு வேலையில் 60 பாகைக் கருவி முனை கூரும்வரை 1.1 மிமீ இறங்கும், 90 பாகைக் கருவி 0.64 மிமீதான் இறங்கும். மிருதுவான மரத்துக்கு 90 பாகையே ஏற்றது, அடி அகன்ற வைரக்கட்டம் எளிதில் உதிராது. டெம்-பார்ட், கன்லைன் போன்ற கைக்கருவிகள் எதுவாயினும், பல்லில் அடைந்த தூளைப் பல்துலக்கும் பிரஷால் அடிக்கடி தட்டுங்கள். அடைந்த பல் வெட்டாது, தேய்க்கும். வால்நட் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டைக்கு எண்ணெய்ப் பூச்சு முழுதும் ஏறி, நன்றாக இறுகிய பிறகே செக்கரிங். வெட்டியபின் உப்புத்தாள் பிடித்தால் ஓர வைரக்கட்டங்கள் தேய்ந்து போகும். கோடுகளுக்கு மட்டும் பிறகு எண்ணெயை மெலிதாக்கிப் பிரஷால் தடவி, குழியில் தேங்கியதை உடனே உலர்ந்த பிரஷால் எடுத்துவிடுங்கள்.

வேலை நாள் கணக்கில் நீளும்போது, இரவில் கட்டையைத் தொட்டிலிலேயே விடுவதானால் கூர்முனையை அரைச் சுற்று தளர்த்தி, முன்கட்டையின் கீழ் மெத்தைக் கட்டையை வையுங்கள். மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும். இறுக்கியபடியே விட்டால் காலையில் நெருக்கம் கூடியிருக்கும். மறுபடி தொடங்குமுன் ஆட்டத்தைச் சோதித்து, கூர்முனையைத் திரும்ப உட்கார வைத்து, மையக்குழியில் ஒரு துளி மெழுகு வையுங்கள்.